கோபிப் பக்கத்து ஊர் வீட்டில் இணையவழித் தொலைக்காட்சி: பதினொரு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கோபிசெட்டிபாளையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஊர் வீட்டில், கடந்த பதினொரு மாதங்களாகத் தொலைக்காட்சியைப் பெரும்பாலும் இணையத்தின் வழியாகவே பார்த்து வருகிறோம். வட்டாரக் கேபிள்காரர் ஒருவர் கண்ணாடி இழைக் கம்பியில் தரும் நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு, அதனோடு சேர்த்து வரும் ஓடிடி செயலிகளின் தொகுப்பு, தொலைக்காட்சியில் செருகிக்கொள்ள ஒரு சிறிய ஆண்ட்ராய்டு பெட்டி ஆகிய மூன்றையும் பற்றியது இந்த மதிப்புரை. மாதக் கட்டணம் 699 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் கையிலிருந்து போவது ஏறக்குறைய 825 ரூபாய். நான் கோயம்புத்தூரில் வேலை பார்ப்பதால் வாரக் கடைசியில்தான் ஊருக்குப் போகிறேன். அன்றாடம் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்காருபவர்கள் என் அம்மாவும், எண்பதைக் கடந்த என் அம்மிச்சியும் (அம்மாவின் அம்மா). ஆகவே அவர்கள் இருவருக்கும் இது எப்படிப் பயன்பட்டது என்பதையே அளவுகோலாகக் கொண்டு எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தெருக்கம்பம் வரை வரும் இணைப்பில் எனக்குப் பெரிய குறை இல்லை. எங்களை வருத்திய தொல்லைகளில் பெரும்பகுதி அந்தக் கம்பத்துக்கும் அம்மிச்சியின் நாற்காலிக்கும் இடைப்பட்ட சில பத்தடித் தூரத்துக்குள்தான் இருந்தது. மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தால் சேவை தருபவரின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. வீட்டாரின் சிரமம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த இடைவெளியைப் பற்றி இணைப்பு கொடுக்க வந்த யாரும் எங்களிடம் பேசவில்லை என்பதே என் முதன்மையான குறை.

முதல் மாதம் முழுவதும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரவு எட்டரை மணித் தொடரில் யாரோ அழத் தொடங்கும் இடத்தில் படம் நின்றுவிடும். "ஏஞ்சாமி, மறுக்காவும் சுத்துதே" என்று அம்மிச்சி தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம், கோவையில் இருந்துகொண்டு என்னால் செய்ய முடிந்தது கேபிள்காரரை அழைப்பது ஒன்றுதான். அவரும் சலிக்காமல் வந்தார்; மோடத்துக்குப் பக்கத்தில் நின்று தம் கைப்பேசியில் வேகத்தைச் சோதித்தார்; 94, 95 என்று எண் வந்ததைக் காட்டி, "லைன் ஃபுல்லா வருதுங்க அக்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது பொய்யில்லை. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் பயனாளர்களுக்குச் சொல்லும் கணக்குப்படி 720 பிக்சல் படத்துக்கு நொடிக்கு 3 மெகாபிட்டும், 1080 பிக்சல் படத்துக்கு 5 மெகாபிட்டும், 4கே படத்துக்கு 15 மெகாபிட்டும் இருந்தால் போதும். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட 100 என்பது ஒரே நேரத்தில் ஆறு தொலைக்காட்சிகளில் 4கே படம் ஓட்டப் போதுமான அளவு. அப்படியிருந்தும் ஒரே ஒரு தொடர் ஓடவில்லை என்றால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று எனக்குப் புரியவே மூன்று வாரங்கள் ஆயின.

எங்களுடையது பழைய தொட்டிக்கட்டு வீடு. கம்பி நுழைவதற்கு வசதியாக மோடத்தை ஆசாரத்தில் (முன்கூடத்தில்), வாசற்கதவுக்கு மேலே மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தொலைக்காட்சி இருப்பது உள்ளறையில். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை அடிக் கனத்தில் இரண்டு சுவர்கள் நிற்கின்றன. வைஃபை அலைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் துளைத்துச் செல்லும் வலு குறைந்தது; 2.4 கிகாஹெர்ட்ஸ் தொலைவு போகும், ஆனால் வேகம் குறைவு. போதாததற்கு, அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக்கூடிய தடங்கள் மூன்றே (1, 6, 11) என்பதால் அக்கம்பக்கத்து மோடங்களோடு போட்டியும் உண்டு. ஒரு சனிக்கிழமை இரவு தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே நின்று வேகத்தைச் சோதித்தேன். ஆசாரத்தில் 95 காட்டிய அதே கைப்பேசி, உள்ளறையில் ஒரு நேரம் 6, ஒரு நேரம் 2, சில நொடிகள் ஒன்றுமே இல்லை என்று காட்டியது.

இங்கே இணையவழிக் காட்சி எவ்வாறு வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மணி நேர நிகழ்ச்சி முழுதாக வருவதில்லை. சில நொடிகள் நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாராக வைக்கப்பட்டிருக்கும். நம் பெட்டி அந்த நேரத்து வேகத்தைப் பார்த்து, எந்தத் தரத்துத் துண்டைக் கேட்பது என்று தானே முடிவு செய்கிறது. வேகம் சீராகக் குறைவாக இருந்தால் படம் மங்கலாகும், ஆனால் நிற்காது. ஏறியும் இறங்கியும் அலைபாய்ந்தால்தான் பெட்டி ஏமாந்து பெரிய துண்டைக் கேட்டுவிட்டு, அது வந்து சேராமல் வட்டத்தைச் சுற்றவிடுகிறது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். ஆகவே இணைப்பின் வேகத்தை 100-லிருந்து 200-ஆக உயர்த்தினாலும் பலன் இருந்திருக்காது. கேபிள்காரரின் அலுவலகத்தில் எனக்குச் சொல்லப்பட்ட ஒரே யோசனை அந்த உயர்த்தல்தான் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

தீர்வு மிக எளியதாக இருந்தது. கோபியில் ஒரு கணினிக் கடையில் 20 மீட்டர் நீளமுள்ள கேட்-6 என்ற இணையக் கம்பியை 600 ரூபாய்க்கு வாங்கி, ஓட்டுக்கு அடியில் உத்தரத்தை ஒட்டிக் கொண்டுபோய், மோடத்தையும் பெட்டியையும் நேரடியாக இணைத்தோம். பெட்டியின் கம்பி நுழைவாய் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காது என்றாலும், நமக்குத் தேவையானது அதில் சிறு பங்குதானே. அன்று முதல் அந்தக் காரணத்தால் வட்டம் சுற்றியதே இல்லை. தடித்த சுவர் கொண்ட பழைய வீட்டில் இருப்பவர்கள் வேறு எதைச் செய்வதற்கு முன்பும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று மனமார வேண்டுகிறேன். இணைப்பு கொடுத்த நாளன்றே ஐந்து நிமிடம் உள்ளறையில் நின்று சோதித்திருந்தால் எங்கள் வீட்டு மூத்தவர் ஒரு மாதம் அலைக்கழிந்திருக்க மாட்டார்.

அடுத்த தொல்லை நான்காம் மாதம் வந்தது. இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. மோடத்தில், ஒளி வந்து சேரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு அவ்வப்போது எரிந்தது. இம்முறை வந்த இளைஞர் தொழிலை நன்கு அறிந்தவர். ஒளியின் வலுவை அளக்கும் கருவியைச் செருகிப் பார்த்து, "பவர் ரொம்பக் கம்மியா வருதுங்க" என்றார். வீடுகளுக்கு இப்போது பரவலாகத் தரப்படும் ஜிபான் வகை இணைப்பில், மோடத்துக்கு வந்து சேரும் ஒளி பொதுவாக கழித்தல் 27 டிபிஎம் (ஒளியின் வலுவைக் குறிக்கும் அலகு; கழித்தல் எண் பெரிதானால் ஒளி குறைவு) என்ற எல்லைக்குக் கீழே போகக் கூடாது. எங்கள் வீட்டில் கழித்தல் 28 காட்டியது. கம்பத்தில் அளந்தபோது கழித்தல் 20 இருந்தது. அவ்வளவு ஒளியும் வீட்டுக்குள்ளேயே எங்கே தொலைந்தது என்று தேடினால், மீதமிருந்த கம்பியை அம்மா அழகாகச் சுருட்டி, சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் இறுக்கி மாட்டியிருந்தார். கண்ணாடி இழையை விரல் பருமனுக்கு வளைத்தால் ஒளி அந்த வளைவில் வெளியே கசிந்துவிடும். செம்புக் கம்பியைப் போல அதை நடத்த முடியாது. சுருளை உள்ளங்கை அகலத்துக்கு அவிழ்த்துவிட்டதும் அளவு கழித்தல் 21-க்குத் திரும்பியது. அம்மாவின் மேல் எந்தத் தவறும் இல்லை. கம்பியைத் தொங்கவிட்டுப் போனவர்கள் சொல்ல வேண்டிய ஒரு வரி அது.

மூன்றாவது, எங்கள் பகுதிக்கே உரிய சங்கடம். நெல் அறுவடை முடிந்ததும் வைக்கோல் கட்டுகளை லாரியில் மலைபோல் அடுக்கிக்கொண்டு போவார்கள். கரும்பு லோடும் அப்படித்தான். வீதியின் குறுக்கே தாழ்வாகப் போகும் கம்பிகளை அந்தப் பாரம் இழுத்துக்கொண்டு போய்விடும். தென்னை மட்டை விழுந்து அறுவதும் உண்டு. இந்தப் பதினொரு மாதங்களில் இருமுறை எங்களுக்குக் கம்பி அறுந்தது. பழைய கேபிள் கம்பி என்றால் கையாலேயே முறுக்கி இணைத்துவிட்டுப் போவார்கள். கண்ணாடி இழைக்கு, அறுந்த முனைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் வர வேண்டும், அது வட்டாரத்துக்கே ஒன்றுதான் இருக்கிறது. முதல்முறை இரண்டு நாள், இரண்டாம் முறை ஒன்றரை நாள் காத்திருந்தோம். நாள் ஆனதே தவிர, வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு வந்தார்கள் என்பதையும், அதற்குத் தனிக்கட்டணம் கேட்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

மின்தடையின்போது இந்த இணைப்பு பழைய கேபிளைவிடத் தெளிவாக மேலானது. பழைய முறையில் தெருவுக்குத் தெரு இருந்த ஆம்ப்ளிஃபயர்களுக்கு மின்சாரம் வேண்டும். தெருவில் மின்சாரம் போனால், நம் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் திரையில் ஒன்றும் வராது. கண்ணாடி இழையில் அலுவலகத்துக்கும் நம் வீட்டுக்கும் நடுவே மின்சாரம் தேவைப்படும் கருவியே கிடையாது. ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துவிடும் பிரிப்பானும் மின்சாரமின்றியே இயங்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தும் நாட்களிலும் அம்மிச்சி தொடர் பார்த்தார். ஒரே ஒரு நெருடல், மின்சாரம் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண நேரத்தில் மோடம் அணைந்து, மறுபடி உயிர்பெற இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டது. 12 வோல்ட் மோடத்துக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்த பின் அதுவும் தீர்ந்தது.

பெட்டியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. உறையின் மேல் 4கே என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஆனால் சில செயலிகளில் படம் 480 பிக்சலுக்கு மேல் ஏறவே இல்லை. இணைப்பில் குறை என்றே நானும் நினைத்தேன். காரணம், திருட்டுப் பிரதி எடுப்பதைத் தடுக்கும் வைட்வைன் என்ற கூகுளின் பாதுகாப்பு முறை. அதில் எல்1 சான்று பெற்ற கருவிகளுக்கே பல நிறுவனங்கள் உயர்தரப் படத்தை அனுப்புகின்றன. எங்கள் பெட்டிக்கு இருந்தது அதைவிடக் கீழ்நிலையான எல்3 மட்டுமே. எத்தனை வேகமான இணைப்பு இருந்தாலும் அந்தப் பெட்டியில் மங்கலான படம்தான் வரும். பெட்டியை வாங்கும்போது 4கே என்ற எழுத்தைப் பார்ப்பதைவிட, இந்தச் சான்று இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்பதே முக்கியம். நாங்கள் எட்டாம் மாதத்தில் ஈரோட்டில் வேறு பெட்டி வாங்கி மாற்றிக்கொண்டோம்.

ஆனால் அம்மிச்சியைப் பொறுத்தவரை, இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடையாக இருந்தது ஓடிபி. இணைப்பு என் பெயரில் இருப்பதால், தொகுப்பில் உள்ள செயலிகள் எல்லாம் என் கைப்பேசி எண்ணோடு கட்டப்பட்டிருக்கின்றன. செயலி புதுப்பிக்கப்படும்போதோ, பெட்டியின் சேமிப்பிடம் நிரம்பி எதையாவது அழிக்க நேரும்போதோ, தானே வெளியேறிவிடுகிறது. உடனே எண்ணைக் கேட்கிறது. ஓடிபி கோவையில் இருக்கும் எனக்கு வருகிறது. சில நிமிடங்களுக்குள் அதை நான் அம்மாவுக்குச் சொல்லி, அவர் ரிமோட்டின் அம்புக்குறியால் ஒவ்வோர் எண்ணாக நகர்ந்து அழுத்த வேண்டும். நான் கூட்டத்தில் இருந்தால் அன்றைய தொடர் அவ்வளவுதான். ஒருமுறை நான்கு நாள் அம்மிச்சி பார்க்காமலே இருந்திருக்கிறார். "உனக்கு அங்க வேல இருக்கும், எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு உட்டுட்டேன் கண்ணு" என்று பின்னால் சொன்னார். எனக்கு அது இன்றும் மனத்தில் உறுத்துகிறது. பழைய செட்டாப் பெட்டியில் அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். யாரையும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மூத்தவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் கொங்கு ஊர்களில் எத்தனை இருக்கின்றன என்பதை இத்தொழிலில் இருப்பவர்கள் அறியாதவர்கள் அல்லர். வீட்டில் இருப்பவரின் எண்ணையும் இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ள வழி செய்யலாம். நான் கேட்டதற்கு, பதிவு செய்த எண்ணை மொத்தமாக மாற்றலாம், இரண்டு எண் வைக்க முடியாது என்று பதில் வந்தது. ஒன்பதாம் மாதத்தில் அம்மாவின் எண்ணுக்கே மாற்றிவிட்டோம். இப்போது நிலைமை பரவாயில்லை.

எந்தத் தொடர் எங்கே இருக்கிறது என்பதும் எளிதில் விளங்குவதில்லை. சன் தொலைக்காட்சியின் தொடர்கள் சன் நெக்ஸ்டிலும், விஜய் தொலைக்காட்சியின் தொடர்கள் ஜியோஹாட்ஸ்டாரிலும், ஜீ தமிழின் தொடர்கள் ஜீ5-லும் இருக்கின்றன. கேபிளில் அடுத்தடுத்த எண்களில் இருந்த மூன்று அலைவரிசைகள் இங்கே மூன்று வெவ்வேறு கடைகள். அவற்றின் பெயர்களும் நிலையாக இருப்பதில்லை. 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகிப் புதுப் பெயர் பெற்றதுபோல, படத்தைப் பார்த்தே செயலியை அடையாளம் கண்டுகொள்ளும் ஒருவருக்குப் பழகிய படம் ஒரு நாள் காணாமல் போகிறது. எங்கள் தொகுப்பில் இந்த மூன்றில் இரண்டுதான் இருந்தன. மூன்றாவதைத் தனியாக வாங்கினேன். தொகுப்பில் மொத்தம் இருபதுக்கு மேற்பட்ட செயலிகள் இருப்பதாக விளம்பரத்தில் இருந்தது. அவற்றில் நாங்கள் திறந்து பார்த்தவை நான்கைத் தாண்டாது.

குரல்வழித் தேடலை மட்டும் இந்த இடத்தில் மனம்விட்டுப் பாராட்ட வேண்டும். ரிமோட்டின் ஒலிவாங்கியை அழுத்திக்கொண்டு தமிழில் தொடரின் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே எடுத்துக்கொள்கிறது. ஆங்கில எழுத்துப் பலகையில் ஓர் எழுத்தைக்கூடத் தேட முடியாத அம்மிச்சி, இரண்டே நாளில் இதைக் கற்றுக்கொண்டார். நேற்றைய பகுதியை இன்று காலையில் பார்க்கலாம் என்பதும், சோளத்தட்டு வெட்டப் போகும்போது நிறுத்திவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்பதும் அம்மாவுக்கு உண்மையிலேயே கிடைத்த சுதந்திரம். எட்டரை மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவர வேண்டிய கட்டாயம் அவருக்கு இப்போது இல்லை.

நேரலை வேறு கதை. கிரிக்கெட் பார்க்கும்போது, பக்கத்து வீட்டில் ஆரவாரம் கேட்டு அரை நிமிடம் கழித்துத்தான் எங்கள் திரையில் விக்கெட் விழுகிறது. இது எங்கள் இணைப்பின் குறை அல்ல, முறையின் இயல்பு. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்து இன்று பரவலாக இருக்கும், படத்தைத் துண்டுகளாக அனுப்பும் எச்எல்எஸ் முறையில் ஒரு துண்டு 6 நொடி நீளம் இருப்பது பரிந்துரை; பெட்டி பாதுகாப்புக்காக மூன்று துண்டுகள் பின்தங்கியே ஓட்டத் தொடங்கும். அதிலேயே 18 நொடி போய்விடுகிறது. படத்தைச் சுருக்கி அனுப்பும் நேரம் வேறு. அத்துடன், பலர் ஒரே நேரத்தில் பார்க்கும்போது சுமையும் கூடுகிறது. கேபிள் என்பது கோயில் ஒலிபெருக்கியில் ஒருமுறை சொல்வதுபோல, எத்தனை பேர் கேட்டாலும் வேலை ஒன்றுதான். இணையத்திலோ வீடு வீடாகப் போய்த் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழனியின் தைப்பூசத் தேரை நேரலையில் பார்ப்பவருக்கு அரை நிமிடத் தாமதம் ஒரு பொருட்டில்லை. கிரிக்கெட்டும் தேர்தல் வாக்கு எண்ணிக்கையும் பார்க்க வேண்டுமென்றால் கேபிளை விட்டுவிடாதீர்கள்.

அளவு வரம்பைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள், கவலை வேண்டாம். எங்கள் திட்டத்தில் மாதத்துக்கு 3,300 ஜிபி என்று வரம்பு உண்டு. உயர்தரப் படம் மணிக்கு 3 ஜிபி எடுத்துக்கொள்ளும் என்று வைத்தாலும் அது 1,100 மணி நேரத்துக்கு வரும். முப்பது நாள் மாதத்தில் இருப்பதே 720 மணி நேரம்தான். ஒரு தொலைக்காட்சி உள்ள வீட்டில் அந்த வரம்பைத் தொட முடியாது. வேகத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 2023-இல் இந்திய அரசு அகலக்கற்றை என்பதற்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தியது, அந்தக் குறைந்தபட்சம் 720 பிக்சல் படத்துக்கே போதாது. ஆனால் ஒரு தொலைக்காட்சிக்கும் இரண்டு கைப்பேசிக்கும் 40 அல்லது 50 தாராளம். எங்கள் 100 தேவைக்கு மிகுதி.

பணம் செலுத்தும் முறையில் ஓர் எச்சரிக்கை. தனியாக வாங்கிய செயலி சந்தாக் காலம் முடிந்ததும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு வந்தது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும். எனக்கும் குறுஞ்செய்தி வந்தது, நான் அதைக் கவனித்துவிட்டதால் நிறுத்த முடிந்தது. வாங்கிய அன்றே யுபிஐ செயலியில் அந்த ஒப்புதலை ரத்து செய்துவிடுவது நல்லது.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இது. இணைய இணைப்பை ஓராண்டுக்குப் பதிலாக ஆறு மாதத்துக்குப் புதுப்பித்திருக்கிறேன். செயலித் தொகுப்பு இல்லாத குறைந்த வேகத் திட்டத்துக்கு மாறி, தேவையான மூன்று செயலிகளை மட்டும் தனியே வைத்துக்கொண்டிருக்கிறோம். மொத்தச் செலவு முன்பைவிடச் சற்றுக் குறைந்திருக்கிறது. நிறுத்தி வைத்திருந்த பழைய செட்டாப் பெட்டிக்கும் மிகச் சிறிய கட்டணத் திட்டத்தில் உயிர் கொடுத்து, அம்மிச்சியின் கட்டிலுக்கு எதிரே இருக்கும் சின்னத் தொலைக்காட்சியில் பொருத்தியாயிற்று. செய்தி, கோயில் நிகழ்ச்சி, பழைய பாட்டு எல்லாம் அவருக்கு அதில்தான். தொடர்களை மட்டும் அம்மாவோடு சேர்ந்து பெரிய திரையில் பார்க்கிறார். அடுத்த அறுவடை வருவதற்குள் வீதியைக் கடக்கும் கம்பியை இன்னும் நான்கடி உயர்த்திக் கட்டித்தரும்படி கேபிள்காரரிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் ஏணியோடு ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.